திண்ணையில் கேட்ட பாட்டு

மாலை மங்கும் வேளை. தெருமுனைத் தேநீர்க் கடையிலிருந்து பழைய திரைப்பாடல் ஒன்று காற்றில் மிதந்து வருகிறது. கையில் காய்கறிப் பையுடன் நடந்து வந்த நாம் நம்மை அறியாமலே நின்றுவிடுகிறோம். பாட்டு முடிய மூன்றரை நிமிடம் ஆகலாம். அதற்குள் அறுபது ஆண்டுகள் உதிர்ந்துவிடுகின்றன. மறைந்துபோன அன்னையின் குரல் அடுப்பங்கரையிலிருந்து கேட்கிறது. இனித் திரும்பி வராத மனிதர்கள் எல்லாரும் வந்து நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியதும் கண்களைத் துடைத்துக்கொண்டு வீடு நோக்கி நடக்கிறோம்.

வீட்டிற்கு வந்த பின்னும் நம் வாய் சும்மா இருப்பதில்லை. “அந்தக் காலத்து ரேடியோ என்ன, அந்தக் காலத்துப் பாட்டு என்ன! இப்போது வருவதெல்லாம் பாட்டா?” என்று தொடங்கிவிடுகிறோம். மருமகள் மரியாதைக்குத் தலையசைக்கிறாள். பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொள்கிறார்கள்.

எழுபதைக் கடந்தவர்கள் வாழும் இல்லங்களில் அன்றாடம் நடைபெறும் காட்சி இது. ஆயினும் இதற்குள் சிந்திக்கத்தக்க கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது. சென்ற காலத்தின்மீது நாம் கொள்ளும் ஏக்கம் நேர்மையானதுதானா? அது அன்பின் ஒரு வடிவமா? அல்லது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் இனிய பொய்யா? இக்கேள்வியை நாம் நெடுங்காலம் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் ஒரு பழைய பள்ளித் தோழர். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் அந்த வானொலிப் பெட்டியின் அருகே சற்று நேரம் அமர்ந்துவிட்டு வருவோம்.

அந்தப் பெட்டி

தென்கடற்கரையை அடுத்த நம் சிற்றூரில் 1960-களின் தொடக்கத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. வணிகர் ஒருவரின் வீடு அது. உயரமான பலகைமேல், பின்னல் துணி விரித்து, சுரூபம் வைப்பது போல அதை வைத்திருந்தார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் பெற்ற உரிமப் புத்தகம் அதன் பக்கத்திலேயே இருக்கும். வானொலி கேட்பதற்கு அரசின் உரிமம் வேண்டும் என்றால் இன்றைய இளைஞர் நம்ப மாட்டார்கள். 1980-களின் நடுப்பகுதியில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

திருகைத் திருப்பியவுடன் பாட்டு வந்துவிடாது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். முதலில் அலைவரிசைப் பலகையில் மஞ்சள் ஒளி பரவும். பிறகு அரை நிமிட மௌனம். பின்னர் தொலைவில் ரயில் வருவது போன்ற ஓர் இரைச்சல். அந்த இரைச்சலைப் பிளந்துகொண்டு மனிதக் குரல் வரும்போது திண்ணையே நிமிர்ந்து உட்காரும். காத்திருந்த அந்த அரை நிமிடமும் நமக்குப் பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

குரல் சில வேளைகளில் கடலலை போல எழும்பும்; சில வேளைகளில் தேய்ந்து மறையும். “காற்று அடிக்கிறது” என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிற்றலைகள் பூமிக்கு மேலே மிக உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் சென்று இறங்குகின்றன. அந்த மண்டலம் இரவும் பகலும் மாறிக்கொண்டே இருப்பதால் ஒலியும் ஏறி இறங்குகிறது. வானத்தில் மோதி வந்த பாட்டைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது மெய் சிலிர்த்தது.

அந்தப் பாட்டு பெரும்பாலும் கொழும்பிலிருந்து வந்தது. அங்கே 1925-ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினர் அங்கே ஆற்றல் மிக்க ஒலிபரப்பி ஒன்றை நிறுவினர். போருக்குப் பின்னர், 1949-இல், அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. போருக்காக எழுப்பிய கருவி பாட்டுக்குப் பயன்பட்டது. சென்னையில் 1938-இலும் திருச்சியில் 1939-இலும் நிலையங்கள் அமைந்திருந்தும், தென்மாவட்டக் கரையோரங்களில் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலே நமக்கு நெருக்கமாக இருந்தது. எஸ். பி. மயில்வாகனன் முதலாகப் பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் வரை, தமிழ்ச் சொல்லை இவ்வளவு தூய்மையாக உச்சரிக்கலாம் என்று நம் செவிகளுக்குக் கற்பித்தவர்கள் அந்நிலையத்தார். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ வந்தால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். அந்நாளில் பல வீடுகளுக்குக் கடிகாரமே அதுதான்.

பாட்டு மட்டுமா? டெல்லியிலிருந்து ஒலித்த தமிழ்ச் செய்தியறிக்கை உலகத்தைத் திண்ணைக்கு அழைத்து வந்தது. 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணசாமியின் கணீரென்ற வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவரது முகத்தைப் பார்த்தே இராதவர்கள். தஞ்சை மாவட்டத்து உழவர்கள் 1960-களின் நடுவில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’. காற்றில் வந்த சொல் வயலில் விளைந்து உலையில் கொதித்ததை நம் தலைமுறை கண்டது. பின்னாளில் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணிக்கு அஞ்சலட்டை எழுதி, அதை வாசிப்பார்களா என்று காத்திருந்தவர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அதன் சிற்றலை ஒலிபரப்பும் 2018-இல் நின்று, பணி இணையத்திற்கு மாறிவிட்டது.

இவற்றையெல்லாம் அடுக்கும்போதே நெஞ்சு இளகிவிடுகிறது. இந்த இளக்கத்தைத்தான் நாம் இப்போது விசாரிக்கப் போகிறோம்.

நோயா, நினைவா?

1688-ஆம் ஆண்டில் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோபர் என்பவர் தம் ஆய்வேட்டில் புதிய நோய் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். வீடு திரும்புதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் வலி என்று பொருள்படும் சொல்லையும் இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்றார். தாய்நாட்டை விட்டு அயல்நாடு சென்ற சுவிட்சர்லாந்துக்காரர்கள் உண்ணாமல் உறங்காமல் வாடியதை அவர் அவ்வாறு விளக்கினார். ஆக, ஏக்கம் முதன்முதலில் மருத்துவரின் குறிப்பேட்டில்தான் இடம்பெற்றது.

அந்த நோய்க்கும் பாட்டுக்கும் உள்ள தொடர்பை ரூசோ எடுத்துக்காட்டினார். 1768-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவரது இசை அகராதியில், மலைநாட்டு மாடு மேய்ப்பவர்களின் மெட்டு ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. கூலிப்படைகளில் இருந்த சுவிஸ் வீரர்கள் அம்மெட்டைக் கேட்டால் அழுவார்களாம், படையைவிட்டு ஓடுவார்களாம், ஏங்கி மடிவார்களாம். அதனால் அதை இசைக்கவே தடை இருந்ததாம். இச்செய்தியில் மிகை இருக்கலாம். ஆயினும் அதன்மேல் ரூசோ செய்யும் சிந்தனை ஆழமானது. அந்நாட்டவர் அல்லாதார் அதே மெட்டைக் கேட்டால் ஒன்றும் நேர்வதில்லை. ஆகவே அந்த ஆற்றல் இசையின் ஒலியில் இல்லை. கேட்பவர் அதனோடு சேர்த்து வைத்திருக்கும் நினைவில் இருக்கிறது. இசை அங்கே இசையாக வேலை செய்யவில்லை, நினைவுக் குறியாக வேலை செய்கிறது என்பது அவர் கருத்து.

இதை நம் தேநீர்க் கடை அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்போம். நாம் நின்று கேட்ட அதே பாட்டைக் கடைக்காரப் பையனும் கேட்டான். அவன் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டே இருந்தான். பாட்டு ஒன்றே; ஆனால் நமக்கு அது ஒரு வாசல், அவனுக்கு ஓர் ஒலி. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, நாம் இன்று முகம் சுளிக்கும் ஏதோ ஒரு பாட்டு அவனை எந்தத் தெருவிலோ கண்கலங்க நிறுத்தும். மனித நினைவை ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஏறத்தாழப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நாம் கண்டவையும் கேட்டவையும்தாம் முதுமையில் மிகத் தெளிவாக நினைவில் எழுகின்றன. நம் இளமைக்குரிய பாட்டே உலகின் தலைசிறந்த பாட்டு என்று ஒவ்வொரு தலைமுறையும் சாதிப்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் வந்த பாட்டுகள் எல்லாமா இன்று நம் நினைவில் இருக்கின்றன? ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டவை, பொருளற்ற சொற்களை அடுக்கியவை, வேற்றுமொழி மெட்டுகளைப் பெயர்த்தவை எத்தனை! காலம் என்னும் முறம் அவற்றைப் புடைத்துத் தள்ளிவிட்டது. எஞ்சிய மணிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இன்று களத்திலிருந்து வரும் நெல்லையும் பதரையும் ஒன்றாகப் பார்த்து, “அந்தக் காலத்தில் பதரே இல்லை” என்கிறோம். இது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

வரலாறு இதைவிடக் கூர்மையாக நம்மை எள்ளி நகையாடுகிறது. 1952-இல் நம் நாட்டின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் இடம் சுருங்கியது. மக்கள் திருகைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இறுதியில் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. ஆக, இன்று நாம் பொற்காலப் பாடல்கள் என்று போற்றுபவை அன்றைய பெரியவர்கள் சிலருக்குச் சீரழிவின் அடையாளங்களாக இருந்தன. அவர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னதையே நாம் இன்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறோம்.

இதுவரை சொன்னவை அறிவுக்கு எட்டும் செய்திகள். ஓரளவு சிந்திப்பவர்கள் தாமே கண்டுகொள்ளக் கூடியவை. நம் உள்ளத்தை அசைத்தது வேறொன்று.

தெருவில் நின்றவர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊரில் ஒரு திருமணம். நம்மோடு பங்குப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அங்கே வந்திருந்தார். நெடுநாள் கழித்துச் சந்தித்தோம். மாலையில் இன்னிசைக் குழுவினர் பழைய பாடல்களைப் பாடத் தொடங்கினர். பந்தலின் ஓரத்தில் நாற்காலி போட்டு இருவரும் அமர்ந்திருந்தோம். நாம் நெகிழ்ந்துபோய், “என்ன காலம் அது! தெருவே ஒன்றாக உட்கார்ந்து ரேடியோ கேட்டோமே, நினைவிருக்கிறதா?” என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கோபம் சிறிதும் இல்லாமல் சொன்னார்: “நீ திண்ணையில இருந்து கேட்ட. நான் தெருவுல நின்னு கேட்டேன். பாட்டு ஒண்ணுதான். கால்வலி மட்டும் எனக்கு.”

நமக்கு மறுமொழி வரவில்லை. ஏனெனில் அது உண்மை. அந்த வீட்டுத் திண்ணைக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. உறவினரும் ஒத்த சாதியினரும் திண்ணையில். வேறு சிலர் படிக்கட்டின் கீழே. இன்னும் சிலர் சாக்கடைக்கு அப்பால், தெருவில். பலகை ஏதும் மாட்டி வைக்கவில்லை. யாரும் யாரையும் அதட்டவில்லை. அதட்ட வேண்டிய தேவையே இல்லாதபடி ஒவ்வொருவருக்கும் தம் இடம் தெரிந்திருந்தது. ஞாயிறன்று ஒரே கோவிலில் ஒரே திருப்பலியில் முழந்தாளிட்டவர்கள்தாம் நாம் எல்லாரும். திங்கட்கிழமை மாலை அந்தப் பெட்டியின் முன் அவரவர் தொலைவில் நின்றோம்.

நம்மைத் திடுக்கிட வைத்தது அந்தப் பழைய அநீதி மட்டும் அன்று. அறுபது ஆண்டுகளில் எத்தனை நூறு முறை அந்தக் காட்சியை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்திருப்போம்! பின்னல் துணியின் பூ வேலைப்பாடு கூட நினைவில் இருந்தது. மஞ்சள் ஒளி நினைவில் இருந்தது. தெருவில் நின்ற தோழர் மட்டும் அதில் இல்லை. அவரை யாரும் அக்காட்சியிலிருந்து அழிக்கவில்லை. நாம் அவரைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஆதலால் நினைவில் பதிந்ததும் இல்லை. ‘தெருவே ஒன்றாக உட்கார்ந்து கேட்டது’ என்னும் நம் இனிய நினைவு, உட்கார்ந்திருந்தவர்களின் நினைவு.

அவர் மேலும் சொன்னார். பாட்டை ஒரே முறையில் மனப்பாடம் செய்துவிடுவாராம். மறுபடி எப்போது கேட்கக் கிடைக்கும் என்று தெரியாதல்லவா? இரவில் குடிசைக்குத் திரும்பித் தம் தாயிடம் அதைப் பாடிக் காட்டுவாராம். “எங்கம்மா அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டா. நான் போய்ப் பாடுவேன். அவளுக்கு நான்தான் ரேடியோ.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த ஒளியை நாம் மறக்க மாட்டோம்.

வேலையில் சேர்ந்து அவர் முதன்முதலில் வாங்கிய பொருள் ஒரு சிறிய டிரான்சிஸ்டர். அதைத் தாயின் தலைமாட்டில் வைத்தாராம். “டிரான்சிஸ்டர் வந்ததும் தெருவில் கூடிக் கேட்கும் ஒற்றுமை போயிற்று” என்று நாம் எத்தனையோ மேடைகளில் வருந்திப் பேசியிருக்கிறோம். நாம் எதை இழப்பு என்று புலம்பினோமோ, அதுவே அவர் தாய்க்கு விடுதலையாக இருந்தது. யாருடைய வாசலிலும் நிற்காமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு முதிய பெண் தன் பாயில் படுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டாள்.

வெள்ளரிக்காயும் சவுக்கும்

விவிலியத்தில் எண்ணிக்கை நூல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று நமக்கு நன்கு தெரிந்ததே. எகிப்திலிருந்து விடுதலை பெற்று வந்த மக்கள் பாலைநிலத்தில் அமர்ந்து அழுகிறார்கள். அங்கே உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி ஏங்குகிறார்கள். நாவின் நினைவு அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் அப்பட்டியலில் செங்கல் சூளை இல்லை; மேற்பார்வையாளனின் சவுக்கு இல்லை. ஏக்கம் பொய் சொல்வதற்குப் புதிதாக எதையும் புனைய வேண்டியதில்லை; சிலவற்றை விட்டுவிட்டாலே போதும். நம் நிலை அவர்களினும் இழிந்தது எனலாம். அவர்கள் மறந்தது தம் முதுகில் விழுந்த அடியை. நாம் மறந்தது பிறர் காலில் இருந்த வலியை.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கை என்றால் நமக்குத் தேன்குரல், பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். அதே ஆண்டுகளில் அத்தீவின் தேயிலைத் தோட்டங்களில், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இலட்சக்கணக்கான தமிழர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். 1964-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதப்பட்டது. அவர்களைக் கேட்டு எழுதியதன்று அது. பிறந்த மண்ணை விட்டுப் பெட்டி படுக்கைகளுடன் இராமேசுவரத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் நீலகிரிப் பக்கம் குடியேறினார்கள். பாட்டுகளுக்கு இடையே செய்தியும் வாசித்தார்கள். நாம் அப்போது திருகைக் குறைத்து வைத்தோம். 1983-இல் அத்தீவு பற்றியெரிந்தபோது திடுக்கிட்டு விழித்த நாம், முப்பது ஆண்டுகளாக அங்கிருந்து பாட்டு மட்டும் கேட்டவர்கள். அந்த அறிவிப்பாளர்களின் மேல் இதில் குறையேதும் இல்லை. குறை கேட்டவர்களின் செவியில் இருந்தது.

அலைக்கு வேலி இல்லை

அங்ஙனமாயின் ஏக்கத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? பழைய பாட்டு கேட்டால் குற்ற உணர்வு கொள்ள வேண்டுமா? அப்படிக் கடுமையாக முடிவு செய்துவிட நாம் எண்ணினோம். அந்தத் தோழரே அதைத் தடுத்தார். பந்தலில் அடுத்த பாட்டு தொடங்கியபோது அவர் கண்களை மூடிக்கொண்டு தாளம் போட்டார். சொல் பிசகாமல் கூடவே பாடினார். கால்வலியையும் பாட்டையும் அவர் ஒருங்கே நினைவில் வைத்திருந்தார். ஒன்றுக்காக மற்றதை அவர் விட்டுவிடவில்லை. அவரது ஏக்கம் முழுமையானது, நம்முடையதோ பாதி.

இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது இதுதான். அந்தப் பாட்டின் அழகு பொய்யன்று. அந்தக் குரலின் இனிமை பொய்யன்று. வானத்தில் மோதி வந்த அலை எந்த வேலியையும் பார்க்கவில்லை; திண்ணைக்கும் தெருவுக்கும் ஒன்றாகவே வந்து சேர்ந்தது. இடம் பிரித்தவர்கள் நாம். ஆகவே ஏக்கம் உண்மையானதா என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் தம் நினைவுக்குள் திரும்பி, “அன்று வெளியே நின்றவர் யார்?” என்று கேட்க வேண்டும். அக்கேள்வியைத் தாங்கிக்கொள்ளும் நினைவு நன்றியாக மாறும். தாங்காத நினைவு, இன்றைய தலைமுறைமீது நாம் வீசும் கல்லாக மாறும். ‘அந்தக் காலம்’ என்று நாம் பெருமூச்சு விடும்போது, பல வேளைகளில் நாம் விரும்புவது அந்தக் காலத்தை அன்று. அக்காலத்தில் நமக்கிருந்த இடத்தை. இதை ஒத்துக்கொள்வது கசப்பானதுதான். மனச்சான்றின் முன் அமர்ந்து எண்ணிப் பார்த்தால் மறுக்கவும் முடிவதில்லை.

இன்று நம் பேரன் காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு தனியே பாட்டுக் கேட்கிறான். அவனுக்குத் திண்ணையும் இல்லை, தெருவும் இல்லை. அவனுடைய உலகில் யாரும் வெளியே நின்று கால் கடுக்கக் கேட்பதில்லை. அதை நாம் வாழ்த்த வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கேட்பவரும் இல்லை, அதற்காக வருந்தலாம். ஆனால் வருந்துவதற்கு முன்னர், அவன் கேட்பதை ஒரு முறை நாமும் வாங்கிக் கேட்டிருக்கிறோமா? நம் பாட்டை அவன் கேட்க வேண்டும் என்று விரும்பும் நாம் அவன் பாட்டுக்கு மூன்று நிமிடம் கொடுத்ததுண்டா?

இளையவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டிலுள்ள முதியவர் பழைய ரேடியோவைப் பற்றித் தொடங்கும்போது அது ஆயிரமாவது முறையாக இருக்கலாம். ஆயினும் அவர் பேசுவது வெறும் மரப்பெட்டியைப் பற்றி அன்று. தம்மைப் பெயர் சொல்லி அழைத்தவர்களைப் பற்றிப் பேசுகிறார். அவர்களில் அநேகர் இன்று கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். செல்பேசியில் ஆயிரம் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டால் அவர் ஏக்கம் தீரும் என்று எண்ணாதீர்கள். பாட்டுக்கு இன்று பஞ்சமில்லை. கூட அமர்ந்து கேட்பவருக்குத்தான் பஞ்சம். அவர் அருகே அமர்ந்து, “அப்போது யார் யார் வருவார்கள்? எங்கே உட்காருவார்கள்?” என்று கேளுங்கள். அவர் மறந்த ஒருவரை அவருக்கு நினைவூட்டும் பேறு உங்களுக்குக் கிடைக்கலாம்.

அண்மையில் அந்தத் தோழர் நம் வீட்டிற்கு வந்திருந்தார். நம் முன்னோர் கட்டிய வீட்டின் திண்ணை இன்னும் அப்படியே இருக்கிறது. சிமெண்டுத் தளம் மட்டும் புதிது. உள்ளே வந்து அமரும்படி அழைத்தோம். “இங்கேயே காற்று நல்லா இருக்கு” என்று திண்ணையிலேயே அமர்ந்தார். பேரன் தன் செல்பேசியில் பழைய பாட்டு ஒன்றைத் தேடி எடுத்து எங்கள் நடுவே வைத்தான். வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, இரைச்சலும் இல்லை. பாட்டு உடனே வந்தது. அவர் தம் வலக்காலை மெல்ல நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டார். பேரனும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். மூவரும் அமர்ந்தபடியே கேட்டோம்.